புயல் இரவில் பேசும் கருவி

(ஊராட்சிப் பெருமக்களுக்கும் விவசாயிகளுக்குமாக நடைபெற்ற பேரிடர்ப் பாதுகாப்புப் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. வடிகால்களைத் தூர்வாருவது பற்றியும், மணல் மூட்டைகளைச் சேமித்து வைப்பது பற்றியும், புயல் பாதுகாப்பு மையங்களைத் தயார் நிலையில் வைப்பது பற்றியும் எனக்கு முன்னர்ப் பேசியவர்கள் விரிவாக எடுத்துரைத்தார்கள். எனக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள் அளவில் மிகச் சிறியது. கைக்குள் அடங்கக்கூடியது. இருவழி வானொலி என்று ஏட்டில் எழுதுகிறோம். வாக்கி டாக்கி என்றும் வயர்லெஸ் என்றும் ஊரில் வழங்குகிறோம். காவலரின் தோளில் மாட்டியிருக்கும் அந்தக் கருவியைத்தான் குறிப்பிடுகிறேன்.

வீட்டுக்கு வீடு கைப்பேசி இருக்கும் இந்நாளில் இந்தப் பழைய கருவி எதற்கு என்று கேட்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நியாயமான கேள்விதான். இதற்கு விடை கூற நான் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2018 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்ததை இப்பகுதியினர் எவரும் மறந்திருக்க இயலாது. மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. தென்னந்தோப்புகள் தரைமட்டமாயின. உட்கிராமங்கள் சிலவற்றில் மின்சாரம் திரும்புவதற்கு வாரக்கணக்கில் ஆயிற்று. அந்நாட்களில் நம் கைப்பேசிகள் என்ன செய்தன? சட்டைப்பையில் சும்மா கிடந்தன.

கைப்பேசியில் குறை ஒன்றுமில்லை. அது தனித்து இயங்கும் கருவியன்று என்பதே காரணம். பக்கத்துத் தெருவில் இருப்பவரோடு பேசினாலும், நம் குரல் முதலில் கோபுரத்துக்குச் செல்ல வேண்டும். கோபுரத்திலிருந்து கம்பி வழியாகவோ வேறொரு கோபுரத்தின் வழியாகவோ நகரத்து நிலையத்தை அடைய வேண்டும். பிறகே பக்கத்துத் தெருவுக்குத் திரும்பி வர வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பேச்சு நின்றுவிடும். கோபுரத்தின் அடியிலுள்ள மின்கலங்கள் சில மணி நேரமே தாங்கும். அதன் பின்னர் டீசல் இயந்திரத்தை ஓட்ட வேண்டும். டீசல் வரும் சாலையின் குறுக்கே மரங்கள் விழுந்து கிடக்கும். போதாக்குறைக்கு, கோபுரம் நிலைத்து நின்றாலும், ஆபத்து வேளையில் ஊரார் அனைவரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் வழி அடைத்துக்கொள்ளும்.

இருவழி வானொலிக்கு இந்தச் சங்கிலி தேவையில்லை. ஒரு கருவியிலிருந்து புறப்படும் அலை நேரே மற்றொரு கருவியைச் சென்றடைகிறது. இடையே கோபுரம் இல்லை, கட்டணம் இல்லை, எண்ணை அழுத்திக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. மேலும் ஒருவர் பேசினால் அந்த அலைவரிசையில் உள்ள அனைவரும் ஒருங்கே கேட்கிறார்கள். கரை உடைந்தது என்ற செய்தியைப் பத்துப் பேருக்குப் பத்து முறை சொல்ல வேண்டிய நிலை அதில் இல்லை.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியபோது, ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையார் தம் குழுவினருடன் போர்ட் பிளேரில் இருந்தார். வானொலி ஆர்வலர்களின் பயிற்சிக்காகச் சென்றிருந்த குழு அது. மற்றத் தொடர்புகள் துண்டிக்கப்பட்ட நிலையில், அவர்கள் கொண்டு சென்றிருந்த கருவிகளே தீவுகளுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே செய்திகளைச் சுமந்தன. அவர்களிடம் இருந்தவை நம் கைக்கருவியைவிடப் பெரியவை, நெடுந்தூரம் செல்லும் சிற்றலைக் கருவிகள் என்பது உண்மையே. ஆயினும் அவற்றுக்கும் இடையில் ஒரு கோபுரமும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எவ்வளவு தூரம் கேட்கும்?

கடைக்குச் சென்றவுடன் எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி இதுதான். கடைக்காரரும் தயங்காமல் பத்து மைல், இருபது மைல் என்று கூறிவிடுவார். அட்டைப்பெட்டியிலும் அவ்வாறே அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

இக்கருவிகளின் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமி உருண்டையாகையால் ஓர் எல்லைக்கு அப்பால் அலை தரையை விட்டு விலகி வானத்தை நோக்கிப் போய்விடும். நெஞ்சளவு உயரத்தில் கருவியைப் பிடித்துக்கொண்டு இருவர் சமவெளியில் நின்றால், இடையில் புல் பூண்டும் இல்லாதிருந்தால், கணக்குப்படி 10 கிலோமீட்டர் வரை செல்லலாம். அத்தகைய வெட்டவெளி கடலில் உண்டு. நம் ஊர்களில் இல்லை. தென்னந்தோப்பும், சவுக்குத் தோப்பும், சீமைக் கருவேலங்காடும், மாடி வீடுகளும் குறுக்கிடும் நம் பகுதியில் இரண்டு அல்லது மூன்று கிலோமீட்டர் தெளிவாகக் கேட்டால் அதுவே போதுமானது என்று கொள்ளுங்கள்.

அப்படியானால் அதிகச் சக்தியுள்ள கருவியை வாங்கினால் என்ன என்று தோன்றும். 5 வாட் கருவிக்குப் பதிலாக 25 வாட் கருவியை வைத்தாலும் அடிவானம் நகர்ந்து போவதில்லை. சக்தியைவிட உயரமே பெரிது. நமது மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் மேல் 16 மீட்டர் உயரத்தில் ஓர் அலைவாங்கிக் கம்பத்தை நிறுத்தினால், தரையில் நிற்பவரோடு கணக்குப்படி 21 கிலோமீட்டர் வரை பேசலாம். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலும் ஓர் ஊராட்சியின் எல்லை முழுவதும் அடங்கிவிடும். எனவே கைக்கருவிகள் பலவற்றை வாங்குவதைவிட, ஒரு நிலையக் கருவியை ஊராட்சி அலுவலகத்திலோ புயல் பாதுகாப்பு மையத்திலோ வைத்து, அதன் அலைவாங்கியை உயரத்தில் நிறுத்தி, மூன்று கைக்கருவிகளை மட்டும் வெளியே கொடுப்பது சிக்கனமும் பயனும் உள்ள ஏற்பாடு என்பது என் கருத்து.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. அலைவாங்கியையும் கருவியையும் இணைக்கும் கம்பியில் பலரும் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். மெல்லிய கம்பியை 30 மீட்டர் இழுத்தால், கருவி வெளியிடும் சக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு வழியிலேயே வீணாகிவிடும். கசியும் மண் வாய்க்காலில் கடைமடைக்கு நீர் விடுவது போன்றதுதான் இது. தடித்த கம்பியானால் பாதிக்கு மேல் மேலே போய்ச் சேரும். தொட்டியின் மேல் நிறுத்தும் அலைவாங்கிக்கு இடிதாங்கியும் தரையிணைப்பும் கட்டாயம் வேண்டும்; நம் பகுதியில் ஐப்பசி மாதத்து இடியை நீங்கள் அறிவீர்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டுவன

அலைவரிசைகளில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ளதை வி.எச்.எப். என்றும், 400 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை யு.எச்.எப். என்றும் அழைக்கிறார்கள். முன்னது வயல்வெளியிலும் நீர்ப்பரப்பிலும் தோப்புகளுக்கு ஊடேயும் நன்றாகச் செல்லும். பின்னது கட்டடங்களுக்குள் நன்கு நுழையும். அதன் அலைவாங்கியும் குட்டையாக இருக்கும். நகரத்து மருத்துவமனைக்கும் அடுக்குமாடிக்கும் யு.எச்.எப். ஏற்றது. நம் ஊர்களுக்கு வி.எச்.எப். பொருந்தும். ஆனால் இதைவிட முக்கியமான விதி ஒன்றுண்டு. உங்களோடு சேர்ந்து பணியாற்றப் போகிறவர்கள் எந்தப் பிரிவில் இருக்கிறார்களோ அதையே நீங்களும் வாங்க வேண்டும். ஒரு பிரிவின் கருவி மற்றொரு பிரிவின் கருவியோடு பேசாது. பக்கத்து ஊராட்சி ஒரு வகையும் நாம் ஒரு வகையும் வாங்கினால், இரு ஊருக்கும் பொதுவான ஆற்றங்கரை உடையும்போது இரு கரைகளிலும் நின்று கையை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

டிஜிட்டல் கருவி, அனலாக் கருவி என்று இரு வகை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அனலாக் கருவியில் தூரம் கூடக் கூட இரைச்சல் கூடும். இருந்தாலும் குரல் தேய்ந்து தேய்ந்து கேட்கும். டிஜிட்டல் கருவியில் எல்லை வரை குரல் தெளிவாக இருந்து, எல்லையைத் தாண்டியதும் சட்டென்று நின்றுவிடும். டிஜிட்டல் முறையில் மின்கலம் சற்று நீடிக்கும். ஒரே வரிசையில் இரண்டு உரையாடல்களை நடத்தவும் முடியும். ஆயினும் இரைச்சலுக்கு நடுவே தேய்ந்து வரும் குரலாவது கேட்பது நல்லது என்று கருதுபவன் நான். முதன்முதலாகத் தொடங்கும் ஊராட்சிக்கு எளிய அனலாக் கருவியே போதும்.

நீர் புகாத தன்மையை எண்ணால் குறிப்பார்கள். ஐ.பி. 54 என்றால் தூறலையும் தெறிக்கும் நீரையும் தாங்கும். ஐ.பி. 67 என்றால் தூசி புகாது. ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பழுதாகாது. வெள்ளத்தில் இடுப்பளவு நீரில் நடப்பவருக்குக் கொடுக்கும் கருவி ஐ.பி. 67க்குக் குறைந்ததாக இருத்தல் கூடாது. இதில் மட்டும் விலையைப் பார்க்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்துச் சட்டம். காற்றில் செல்லும் அலைக்கு வேலியில்லை என்று நினைத்து, இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கருவிகளைச் சில இளைஞர்கள் வாங்கிவிடுகிறார்கள். நம் நாட்டில் அலைவரிசையைப் பயன்படுத்துவதற்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் திட்டமிடல் பிரிவிடமிருந்து உரிமம் பெற வேண்டும். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிறு பகுதியில் மட்டும் இயங்கும் குறைந்த சக்திக் கருவிகளுக்கு 2018 ஆம் ஆண்டின் விதிகள் உரிமத்திலிருந்து விலக்கு அளித்துள்ளன. அவற்றுக்கும் கருவி வகை ஒப்புதல் இருக்க வேண்டும். ஒப்புதலற்ற கருவிகள் இணையத்தில் விற்கப்படுவதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 ஆம் ஆண்டு மே மாதத்தில் தனி வழிகாட்டு நெறிகளையே வெளியிட்டது. இது வெறும் ஏட்டுச் சட்டமன்று. உரிமமில்லாத கருவி தற்செயலாகக் காவல் துறையின் அலைவரிசையிலோ, கடற்படகுகளின் ஆபத்து வரிசையிலோ புகுந்து இரையுமானால், வேறெங்கோ ஒருவர் எழுப்பும் அபயக்குரல் அமுங்கிப்போகும். ஆகவே ஊராட்சிகள் தனித்தனியே கடைக்கு ஓடாமல், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் வழியாக ஒன்றியம் முழுமைக்கும் ஒரே வகையாக விண்ணப்பிப்பதே முறை. அதற்குரிய தாள்களை என் அலுவலகத்தில் ஆயத்தம் செய்து தருகிறேன்.

மீனவத் தோழர்கள் சிலர் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்கள் படகிலுள்ள கருவியின் 16 ஆம் வரிசை, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகெங்கும் ஆபத்து அழைப்புக்கென ஒதுக்கப்பட்டது. அதில் ஊர்க்கதை பேசுதல் ஆகாது. அந்தக் கருவிக்கும் அடிவான எல்லை உண்டு என்பதை 2017 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கொடுமையாக உணர்த்தியது. ஆழ்கடலில் இருந்தவர்களுக்குக் கரையின் குரல் எட்டவில்லை. அத்தொலைவுக்குத் துணைக்கோள் வழியேதான் செய்தி செல்ல இயலும். ஒரு லட்சம் மீன்பிடிக் கலங்களில் அத்தகைய கருவியைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அதைப் பற்றி மீன்வளத் துறை அலுவலர் பிற்பகலில் பேசுவார்.

மின்கலமே உயிர்

என் அனுபவத்தில் இக்கருவிகள் கெடுவது குறைவு. மின்கலத்தால் கைவிடுவதே மிகுதி. வேறொரு மாவட்டத்தில் நான் பணியாற்றிய காலத்தில், ஓர் அலுவலகத்தில் ஆறு கருவிகள் வந்து இறங்கின. இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, இருப்புப் பதிவேட்டில் அழகிய கையெழுத்தில் பதிவும் செய்தார்கள். உறைகூடப் பிரிக்கவில்லை. மூன்றாம் ஆண்டு வெள்ளம் வந்தது. சாவி வைத்திருந்தவர் விடுப்பில் இருந்தார். பூட்டை உடைத்து எடுத்துப் பார்த்தால் மூன்று மின்கலங்கள் வீங்கியிருந்தன. மற்ற மூன்றில் உயிரே இல்லை. தணிக்கையில் மட்டும் எந்தக் குறையும் காணப்படவில்லை; ஆறு கருவிகளும் இருப்பில் சரியாக இருந்தன அல்லவா!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கைக்கருவியின் மின்கலம் 2000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது என்று வைத்துக்கொள்வோம். சும்மா காத்திருக்கும்போது கருவி சுமார் 70 மில்லி ஆம்பியர் உண்கிறது. பொத்தானை அழுத்திப் பேசும்போது 1500 வரை விழுங்குகிறது. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் ஒரு நாளைத் தாண்டி ஓடும் மின்கலம், இடைவிடாமல் பேசினால் ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நூற்றுக்கு ஐந்து பங்கு பேச்சு, ஐந்து பங்கு கேட்பு, மீதி காத்திருப்பு என்ற அளவில் 13 மணி நேரம் வரை வரும். பேச்சும் கேட்பும் இருபது இருபது பங்கானால் ஐந்து மணி நேரந்தான். புயல் இரவு ஐந்து மணி நேரத்தில் முடிவதில்லை. ஆதலால் சுருங்கப் பேசுவது நாகரிகத்துக்காக மட்டுமன்று. விடியும்வரை கருவி உயிரோடிருக்க வேண்டும் என்பதற்காகவுமாகும். அருகிலுள்ளவரோடு பேசுகையில் சக்தியைக் குறைத்து வைக்கும் வசதியும் பெரும்பாலான கருவிகளில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு கைக்கருவிக்கும் இரண்டு மின்கலங்கள் இருக்கட்டும். அவற்றின்மீது வண்ணப் பூச்சால் எண்ணையும் வாங்கிய மாதத்தையும் எழுதி, இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றொன்று என மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். இக்காலத்து லித்தியம் மின்கலங்களுக்கு வெப்பமே முதற்பகை. சித்திரை வெயிலில் ஜீப்பின் முன்கண்ணாடிக்கு அடியில் கருவியை வைத்துவிட்டுப் போவது, மின்கலத்தை அடுப்பங்கரையில் வைப்பதற்குச் சமம். முற்றிலும் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடப்பதும் அதற்கு ஆகாது. தை முதல் ஆவணி வரை பயன்படுத்தாத மின்கலத்தைப் பாதியளவு ஏற்றி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை பாருங்கள். புரட்டாசி பிறந்ததும் முழுமையாக ஏற்றி, மழைக்காலம் முடியும்வரை அப்படியே தயாராக வைத்திருங்கள். முழு அளவில் வைத்திருப்பதால் ஆயுள் சற்றுக் குறையும், குறையட்டும். நமக்குக் கருவி அந்த மூன்று மாதங்களுக்காகத்தான். வீங்கிய மின்கலத்தை ஒருபோதும் மீண்டும் ஏற்ற வேண்டாம். குத்தவோ நெருப்பில் போடவோ வேண்டாம்.

மின்சாரம் இல்லாத நாட்களில் மின்கலத்தை எப்படி ஏற்றுவது என்று விவசாயிகள் கேட்பீர்கள். விடை உங்கள் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. டிராக்டரின் பேட்டரி 12 வோல்ட். கருவியோடு வாங்கும் ஏற்றுகலன் 12 வோல்ட்டிலும் இயங்கக்கூடியதா என்று கேட்டு வாங்கினால், ஊர் முழுதும் இருண்டு கிடந்தாலும் டிராக்டர் கொட்டகையில் கருவிக்கு உணவு கிடைத்துவிடும். சிறிய சூரியத் தகடு ஒன்று இருந்தாலும் நன்று. ஆனால் புயலுக்கு மறுநாள் சூரியன் வருவான் என்று உறுதி கூற என்னால் இயலாது.

கருவியின் உடல் நலத்தைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. அலைவாங்கியைப் பிடித்துத் தூக்காதீர்கள், அது கைப்பிடியன்று. அலைவாங்கி இல்லாமல் பேசும் பொத்தானை அழுத்தாதீர்கள். வெளியேற வழியில்லாத சக்தி உள்ளேயே திரும்பி, கருவியின் உறுப்பைச் சுட்டுவிடக்கூடும். மின்கலமும் கருவியும் தொடும் பித்தளை முனைகளை மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் கொண்டு துடைப்பது கூடாது. ரப்பர் அடைப்புகள் கெட்டு நீர் புகும். கடல்நீர் பட்டால், நீர்புகாக் கருவியாயின் மூடிகள் நன்கு அடைத்திருக்கின்றனவா என்று பார்த்து நல்ல நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். உப்பு உலர்ந்து ஒட்டிக்கொண்டால் பித்தளையைத் தின்றுவிடும். சாதாரணக் கருவி நனைந்தால் உடனே மின்கலத்தைக் கழற்றுங்கள். வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள். சமையல் எரிவாயு கசியும் இடத்தில் மின்கலத்தை மாற்றுவது ஆபத்து.

பேசும் முறை

கருவியை வாங்குவது எளிது. வாயைப் பழக்குவதே அரிது. ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும் என்பது இதன் இயல்பு. இருவர் ஒருங்கே அழுத்தினால் இருவர் பேச்சும் கெடும். ஆகவே முதலில் கேளுங்கள். வரிசை காலியாக இருந்தால் பொத்தானை அழுத்துங்கள். ஒரு விநாடி பொறுத்துப் பேசத் தொடங்குங்கள். அந்த ஒரு விநாடியை விட்டுவிடுவதால்தான் "போக வேண்டாம்" என்னும் செய்திகளில் முதற்சொல் விழுங்கப்படுகிறது. முதற்சொல் அழைக்கப்படுபவரின் பெயராக இருந்தால், விழுங்கப்பட்டாலும் தீங்கு குறைவு. வாய்க்கும் கருவிக்கும் இரண்டு விரற்கடை இடைவெளி இருக்கட்டும். உரக்கக் கத்தினால் தெளிவு குறையும், கூடாது. புயல் காற்றில் கருவியை உடலின் மறைவில் வைத்துப் பேசுங்கள். முடிந்ததும் "ஓவர்" என்று கூறிப் பொத்தானை விடுங்கள்.

எண்களைத் தனித்தனி இலக்கமாகச் சொல்ல வேண்டும். நம் மொழியில் ஒன்பதும், தொண்ணூறும், தொள்ளாயிரமும் இரைச்சலில் ஒன்றுபோல் ஒலிக்கும். எழுபதுக்கும் எண்பதுக்கும் அதே தொல்லை உண்டு. "ஏழு, பூஜ்யம்" என்று சொல்லுங்கள். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும். இடத்தின் பெயரிலும் கவனம் வேண்டும். மேலத்தெருவும் கீழத்தெருவும் பிள்ளையார் கோயிலும் இல்லாத ஊர் நம் ஒன்றியத்தில் உண்டோ? "மேலத்தெருவில் மூன்று பேர் சிக்கியுள்ளனர்" என்ற செய்தியைக் கேட்டு, படகு எந்த ஊருக்குப் போகும்? ஊர்ப் பெயரை முதலில் சொல்லுங்கள். இன்னொன்று: இந்த வரிசையில் சொல்வதைக் கருவி வைத்திருக்கும் எவரும் கேட்கலாம். இறந்தவர் பெயரைக் காற்றில் சொல்லாதீர்கள். அவருடைய மகனே மறுமுனையில் கருவியோடு நிற்கலாம்.

பொத்தான் மண்ணடைந்து உள்ளே சிக்கிக்கொள்வதும், கருவியை மடியில் வைத்துக்கொண்டு அறியாமல் அழுத்தியபடி அமர்ந்திருப்பதும் உண்டு. அப்போது அந்த ஒருவரால் வரிசை முழுவதும் ஊமையாகிவிடும். நெடுநேரம் எவர் குரலும் கேட்கவில்லையாயின், உங்கள் கருவியின் சிவப்பு விளக்கை முதலில் பாருங்கள். வரிசை எண் ஒன்றாக இருந்தும் கேட்கவில்லையென்றால், உள்ளே அமைக்கப்படும் மெல்லொலிக் குறியீடு மாறியிருக்கக்கூடும். அது வேறுபட்டால் அலை வந்து சேர்ந்தாலும் கருவி வாய் திறக்காது. எல்லாக் கருவிகளையும் ஒரே அமைப்பில் வைத்துப் பொத்தான்களைப் பூட்டிவிடுவது நல்லது.

பழக்கமின்மையின் விலை எவ்வளவு என்பதற்கு மிகப் பெரிய நாட்டிலிருந்தே ஒரு சான்று உண்டு. 2001 ஆம் ஆண்டு செப்டம்பர் 11 ஆம் நாள் நியூயார்க் நகரத்து இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டபோது, உயர்ந்த கட்டடத்துக்குள் தீயணைப்பு வீரர்களின் குரலை வலுப்படுத்தி அனுப்பும் சாதனம் ஒன்று அங்கே இருந்தது. அதை முழுமையாக இயக்க இரண்டு பொத்தான்களை அழுத்த வேண்டும். ஒன்று அழுத்தப்பட்டது, மற்றொன்று அழுத்தப்படவில்லை. வடக்குக் கோபுரத்தின் அடியில் நின்ற அதிகாரிகள் சோதித்துப் பார்த்தபோது குரல் கேட்கவில்லை; சாதனம் கெட்டுவிட்டது என்று கருதி வேறு வரிசைக்கு மாறினார்கள். வானூர்தியிலிருந்து காவல் துறையினர் கண்டு கூறிய எச்சரிக்கையும், வரிசை வேறாகையால், தீயணைப்புத் துறையினருக்கு நேரே எட்டவில்லை. அன்று அத்துறையினர் 343 பேர் மாண்டனர். அத்தனை பேரின் உயிரும் ஒரு பொத்தானால் போயிற்று என்று நான் கூறவில்லை, காரணங்கள் பல. ஆனால் செல்வமும் கருவியும் நிறைந்த நகரத்திலேயே, ஆபத்து வேளையில் பொத்தானைப் பற்றிய ஐயம் எழுந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே வாரந்தோறும் ஒரு நாள், ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை பத்து மணி என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒவ்வோர் ஊராட்சியையும் பெயர் சொல்லி அழைப்போம். பதில் வந்ததா இல்லையா என்று பதிவேட்டில் குறிப்போம். ஆண்டுக்கு ஒருமுறை இருவர் மிதிவண்டியில் ஊர் எல்லையைச் சுற்றி வந்து, எந்தெந்த இடத்தில் குரல் எட்டவில்லை என்று ஊர் வரைபடத்தில் சிவப்பு மையால் குறியுங்கள். அந்தச் செவிட்டு இடங்கள் புயலுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை. பத்தடி தள்ளி நின்றாலோ, வரப்பின்மேல் ஏறினாலோ குரல் கிடைத்துவிடுவதும் உண்டு.

இறுதியாக, கருவி யார் கையில் இருக்க வேண்டும்? இதில் எனக்கும் சில தலைவர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு, மறைக்க விரும்பவில்லை. கருவி பதவியின் அடையாளமன்று. ஊராட்சித் தலைவர் புயல் நாளில் பத்து இடங்களுக்கு அலைய வேண்டியவர். நிலையக் கருவியின் முன் அமர்ந்திருக்க அவரால் இயலாது. மேல்நிலைத் தொட்டியை இயக்குபவருக்கு எல்லாத் தெருவும் தெரியும். அவர் இரவும் பகலும் ஊரிலேயே இருப்பவர். ஒரு கருவி அவரிடம் இருக்கட்டும். ஆப்த மித்ரா பயிற்சி பெற்ற தன்னார்வலர் இருந்தால் அவரிடம் ஒன்று. மூன்றாவதை மகளிர் சுய உதவிக் குழுவின் பொறுப்பாளர் ஒருவரிடம் கொடுங்கள் என்பேன். எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறாள், எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவர் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் பதிவேட்டுக்கும் தெரியாது. ஒவ்வொருவருக்கும் மாற்றாள் ஒருவரையும் பழக்கி வையுங்கள். பூட்டிய அலமாரி மட்டும் வேண்டாம்.

கைப்பேசி இயங்கும்வரை மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணையும், அவசர உதவிக்கான 112 எண்ணையும் பயன்படுத்துங்கள். அவை ஓயும்போது இக்கருவி பேசட்டும்.

வெளியே பள்ளி மைதானத்தில் நான்கு கருவிகள் வைக்கப்பட்டுள்ளன. தேநீருக்குப் பின்னர் இருவர் இருவராக வந்து, ஒருவர் ஏரிக்கரையிலும் ஒருவர் இங்குமாக நின்று பேசிப் பாருங்கள். அழுத்தியவுடன் பேசாமல் ஒரு விநாடி பொறுப்பதை முதலில் பழகிக்கொள்ளுங்கள்.